ஹைலக்ஸ் ஆட்டோ கியர்: ரெண்டுல இருந்து மூணுக்குப் போகையில எஞ்சின் கத்துது, வண்டி இழுக்கல

முடோன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி விஷயமா ஒரு கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கணும்.

எங்க வண்டி 1992 ஹைலக்ஸ் டபுள் கேப், 2.4 டீசல், ஆட்டோ கியர். இந்தப் பக்கம் ஹைலக்ஸ்னாலே கைக்கியர்தான், இது எப்படியோ ஆட்டோவா வந்து மாட்டிச்சு. மாட்டிச்சுன்னு சொல்லக் கூடாது. அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால ரங்கூன் வரைக்கும் போய்த் தேடிப் பிடிச்சு வாங்கினார். அவர் போய் ரெண்டு வருஷம் ஆகுது, இப்ப நான் ஓட்டுறேன். தன்பியூசயாட் பக்கம் தோட்டங்கள்ல ரப்பர் ஷீட் ஏத்தி மோல்மீனுக்குக் கொண்டு போறதுதான் வேலை. ஒரு நடைக்கு 400 வீசை, சில நாள் கொஞ்சம் கூடவும் இருக்கும். கிலோவுல 650-க்குப் பக்கம்.

நோவு என்னன்னா, ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சிருந்தாலும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அவசர அவசரமா கியர் ஏறிடுது. வண்டி 20 மைல் வேகத்தைத் தொடறதுக்குள்ள மூணுல போய் உக்காந்துக்கும். இது குளிர் எஞ்சின்லயும் உண்டு, சூட்டுலயும் உண்டு. ஆனா 10, 12 மைல் ஓடி சூடானப்புறம் இன்னொண்ணு தொடங்குது. ரெண்டுல இருந்து மூணுக்கு மாறுறப்ப நடுவுல ஒரு நொடி எஞ்சின் மட்டும் ஊன்னு கத்தும், வண்டி இழுக்காது. அப்புறம் டக்குனு பிடிக்கும். லோடோட ஏத்தத்துல இது ரெண்டு மடங்கு.

முந்தறதுதான் இப்ப பெரிய பயமா இருக்கு. நம்ம ஊர் கதை தெரியும்ல, ரோட்டுல வலது பக்கம் ஓட்டுறோம், ஸ்டியரிங்கும் வலது பக்கமே. இடது சீட்டுல உக்காந்திருக்கிற ஸ்பேயா பையன், அதான் வண்டி உதவியாள், எட்டிப் பார்த்து "போ"ன்னு சொன்னாதான் லாரியைத் தாண்ட முடியும். அவன் "போ"ங்கறான், நான் தரையோட மிதிக்கிறேன், கீழ் கியர் விழவே மாட்டேங்குது. வண்டி யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எதிர்ல பஸ் வந்துடுது. போன வாரம் ஒரு தடவை அப்படி ஆகி, பையன் இறங்கிப் போயிட்டான். அடுத்த நாள்தான் திரும்ப வந்தான்.

மோல்மீன்ல ஒரு மெக்கானிக் சயாகிட்டக் காட்டினேன். ரெண்டு தெரு ஓட்டிப் பார்த்தார், ஆயில் குச்சியை மோந்து பார்த்தார், "கியர் பாக்ஸ் போச்சு"ன்னார். ஜப்பான் பழைய பாக்ஸ் ஒண்ணு போட 28 லட்சம் கியாட் ஆகும்னார். அவ்வளவு பணம் இப்ப கையில இல்ல. மழை பிடிக்கிறதுக்கு முன்னால ஓட்டி முடிக்க வேண்டிய நடை நிறைய இருக்கு. நிஜமாவே பாக்ஸ்தான் போச்சா? ஆயில் குறைஞ்சிருக்கும்னு ஒரு லிட்டர் ஊத்தியும் பார்த்தேன், மாற்றம் இல்ல.

பழைய ஃபிட்டர்:

தம்பி, 28 லட்சத்தை இன்னும் எடுத்து வைக்காதீங்க. நான் ரங்கூன் திங்கன்ஜூன்ல இருக்கேன், 41 வருஷம் சாவி பிடிச்ச கை. ரெண்டு தெரு ஓட்டிட்டு பாக்ஸ் போச்சுன்னு சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் ஞானம் வரல. அதனால கேட்டுத்தான் ஆகணும்.

முதல்ல, இந்த நோவு வர்றதுக்கு முன்னால வண்டியில கடைசியா எதைத் தொட்டீங்க? பாக்ஸை மட்டும் கேக்கல. எஞ்சின், ரேடியேட்டர், வயர், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. "ஒண்ணும் தொடல"ன்னு தான் எல்லாரும் முதல்ல சொல்லுவாங்க. ராத்திரி படுத்து யோசிச்சுட்டுச் சொல்லுங்க.

அடுத்தது ஆயில் குச்சி. எஞ்சின் ஓடும்போது பார்த்தீங்களா, நிறுத்திட்டுப் பார்த்தீங்களா? நிறுத்திட்டுப் பார்த்தா கன்வர்ட்டர்ல (எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல சுத்துற பகுதி) இருக்கிற ஆயில் வடிஞ்சு கீழ் தட்டுக்கு வந்துடும், குச்சி கூடுதலா காட்டும். அப்படிப் பார்த்து "நிறைய இருக்கே"ன்னு விட்டவங்க வண்டி எத்தனையோ என்கிட்ட வந்திருக்கு. டொயோட்டாவுக்கு முறை இது: பத்து மைல் ஓட்டிட்டு சமதரையில நிறுத்துங்க. எஞ்சின் ஓடட்டும். கை பிரேக் போட்டு, கால் பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு, லிவரைப் பி-யில (பார்க்கிங்) இருந்து எல் வரைக்கும் ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு நொடி நிறுத்தித் திரும்ப பி-க்குக் கொண்டு வாங்க. அப்புறம் குச்சியைத் துடைச்சு விட்டு எடுத்துப் பாருங்க. சூட்டு அளவுக்குன்னு மேல ரெண்டு கோடு இருக்கும், அதுக்குள்ள நிக்கணும். நீங்க ஊத்தின ஒரு லிட்டர் கூடுதலா போயிருந்தா அதுவும் தொல்லைதான். உள்ள சுத்துற சக்கரம் ஆயிலை அடிச்சு நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் கிடையாது.

வண்டி நிக்கும்போதே இன்னொண்ணும் பாருங்க. நல்ல சூட்டுல, என்-ல (நியூட்ரல்) இருந்து டி-க்கு (டிரைவ்) போட்டா வண்டி லேசா ஒரு குலுங்கு குலுங்கும்ல, லிவரைத் தள்ளின நேரத்துல இருந்து அந்தக் குலுக்கு வரைக்கும் எண்ணுங்க. 1.2 நொடிக்குள்ள வரணும். என்-ல இருந்து ஆர்-க்கு (ரிவர்ஸ்) 1.5 நொடி. ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் இருக்கும், மூணு தடவை எடுத்து சராசரி சொல்லுங்க. ரெண்டு தடவைக்கு நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க.

பிரேக்கை மிதிச்சுக்கிட்டே முழுசா ஆக்சிலேட்டர் குடுத்துப் பார்க்கிற ஸ்டால் டெஸ்ட்னு ஒண்ணை யாராவது சொல்லுவாங்க. செய்யாதீங்க. பழக்கம் இல்லாத கால் அஞ்சு நொடியைத் தாண்டிடும், மிச்சம் இருக்கிற கிளட்ச் பிளேட்டும் அன்னைக்கே போயிடும்.

ஓ.டி. (ஓவர்டிரைவ், கடைசி மேல் கியர்) ஆஃப் லைட் மினுக்குதா, சும்மா எரியுதா, அதையும் எழுதுங்க.

சர்ஃப் பைத்தியம்:

சகோ, இது சோலினாய்டாத்தான் (கரண்ட்ல வேலை செய்யற வால்வு) இருக்கும். என் ஹைலக்ஸ் சர்ஃப்லயும் இதே கூத்து. ஓ.டி. ஆஃப் லைட் விட்டு விட்டு மினுக்க ஆரம்பிச்சது. எஞ்சின் பக்கத்துல ஒரு சின்ன கறுப்பு டப்பா, மூடியைத் திறந்தா உள்பக்கம் எந்த ஓட்டை எதுன்னு படம் போட்டிருக்கும். டிஈ1, ஈ1 ரெண்டையும் ஒரு துண்டு வயரால இணைச்சு, ஓ.டி. பொத்தானை ஆன்ல வெச்சு, சாவியை மட்டும் திருப்பணும், எஞ்சின் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. லைட் மினுக்கி மினுக்கி நம்பர் சொல்லும். எனக்கு 6 மினுக்கு, கொஞ்சம் நிறுத்தி 1 மினுக்கு. அதாவது 61, பாக்ஸ் பக்கம் இருக்கிற வேக சென்சார். 62, 63 வந்தா கியர் மாத்துற சோலினாய்டு, 64 வந்தா கன்வர்ட்டரைப் பூட்டுற லாக்கப் சோலினாய்டு. சென்சார் போச்சுன்னு நான் புதுசு தேடி ரங்கூன் பூரா அலைஞ்சேன், கடைசியில பார்த்தா எலி வயரைக் கடிச்சிருக்கு. ஒட்டு போட்டேன், சரியாயிடுச்சு. நீங்களும் அந்த நம்பரை எடுத்துப் போடுங்க.

முடோன்காரன்:

ஃபிட்டர் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே "ஒண்ணும் தொடல"ன்னு எழுதத்தான் வந்தேன். அப்புறம் அம்மாகிட்டக் கேட்டேன். அம்மாவுக்கு வண்டிக்குக் குடுத்த காசு எல்லாம் தேதியோட ஞாபகம் இருக்கு.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் டீசல் பம்ப்பைக் கழட்டி அளவு பிடிக்கக் குடுத்தோம், புகை கறுப்பா வந்ததால. திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) அப்ப பையனுங்க வண்டியைத் தண்ணி விளையாட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. பின்னால ஒரு டிரம் தண்ணி, பதினஞ்சு பேரு. நாலாம் நாள் ரேடியேட்டர் மேல் தொட்டி வெடிச்சு ஆவி அடிச்சது. வேற ரேடியேட்டர் போட்டோம்.

இப்ப யோசிச்சுப் பார்த்தா, கியர் சீக்கிரம் ஏறுறது பம்ப் வேலைக்குப் பிறகுதான். அப்ப பெருசா எடுத்துக்கல, எஞ்சின் நல்லா இழுக்குது போலன்னு நினைச்சேன். நடுவுல கத்துறது திஞ்ஜானுக்குப் பிறகு.

குச்சியை எஞ்சின் நிறுத்தித்தான் பார்த்திருக்கேன். முறைப்படி பார்த்ததுல சூட்டுக் கோடு ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, ஆக ஊத்தின லிட்டர் வீண் போகல. நிறம் பழுப்பு, வறுத்த வாசனை லேசா இருக்கு. டி-க்கு ஒண்ணே முக்கால் நொடி, ஆர்-க்கு ரெண்டு. லைட் மினுக்கல, பொத்தானை அமுக்கினா எரியுது, திரும்ப அமுக்கினா அணையுது. சர்ஃப் அண்ணே சொன்ன டப்பாவைத் தேடினேன், என் வண்டியில அப்படி எதுவும் கண்ணுல படல.

பழைய ஃபிட்டர்:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. அவங்க ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தா நான் வேலைக்குச் சேர்ந்திருப்பேன்.

சர்ஃப் தம்பி சொன்னது அவர் வண்டிக்குச் சரி. அது கம்ப்யூட்டர் உள்ள பெட்டி. எப்ப மாத்தணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும், சோலினாய்டு செய்யும். உங்க வண்டியில மிதிச்சிருந்தும் கியர் சீக்கிரமா ஏறுதுன்னு முதல்லயே எழுதியிருந்தீங்க, டப்பாவும் காணோம்ங்கறீங்க. அதனால உங்களுது கம்ப்யூட்டர் இல்லாத பழைய பெட்டின்னு நினைக்கிறேன். அதுல ரெண்டே ரெண்டு சாட்சி. வண்டி எவ்வளவு வேகம் போகுதுன்னு பாக்ஸ் வால் பக்கம் இருக்கிற கவர்னர் சொல்லும். கால் எவ்வளவு மிதிச்சிருக்குன்னு ஒரு கேபிள் சொல்லும். ரெண்டு பேரும் சொல்றதை வெச்சுத்தான் கியர் மாறும்.

அந்தக் கேபிள் எங்க இருக்கு தெரியுமா? டீசல் பம்ப் லிவர்லதான் மாட்டியிருக்கும். ஆக்சிலேட்டர் கேபிள் ஒண்ணு, அது பக்கத்துலயே பாக்ஸுக்குள்ள இறங்கற கேபிள் ஒண்ணு. பம்ப்பைக் கழட்டினா ரெண்டையும் கழட்டித்தான் ஆகணும். திரும்ப மாட்டுறவர் கைக்கியர் வண்டி பார்த்தே பழகினவரா இருந்தா, ஆக்சிலேட்டர் கேபிளை அழகா இழுத்து வெச்சிட்டு, மத்ததைச் சும்மா கொக்கியில மாட்டி விட்டுடுவார். அவரைத் திட்டாதீங்க. அவர் வேலை பம்ப், அதை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கார், புகை நின்னுடுச்சுல்ல.

கேபிள் தளர்ந்தா என்ன ஆகும்? நீங்க தரையோட மிதிச்சிருப்பீங்க, பாக்ஸுக்குப் போற சேதி "கால் சும்மா வெச்சிருக்கார்"னு. சரின்னு அது சீக்கிரமா மேல் கியருக்குப் போகும். லாரியை முந்த மிதிச்சாலும் கீழ இறங்காது. இதுவரைக்கும் ஓட்டுறவருக்குத்தான் தொல்லை, பாக்ஸுக்கு ஆபத்து இல்ல. பாக்ஸுக்கு ஆபத்து அடுத்தது. உள்ள கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கிற ஆயில் அழுத்தத்தையும் இதே கேபிள்தான் கூட்டிக் குறைக்குது. கால் சும்மா இருக்குன்னா அழுத்தம் குறைவாப் போதும்னு விட்டுடும். பின்னால 400 வீசை ரப்பர், பிடி மட்டும் பூ மாதிரி. பிளேட் வழுக்காம என்ன செய்யும்? வழுக்கினா சூடு, சூட்டுல கருகும், அந்த வாசனைதான் குச்சியில வருது. கம்ப்யூட்டர் பெட்டியிலயும் அந்தக் கேபிள் இருக்கு சர்ஃப் தம்பி, அழுத்தத்துக்காக. ஒரு தடவை உங்களுதையும் பார்த்து வைங்க.

இப்ப செய்ய வேண்டியது. எஞ்சின் நிறுத்தி, பையனை உக்கார வெச்சு ஆக்சிலேட்டரைத் தரையோட மிதிக்கச் சொல்லுங்க. முதல்ல பம்ப் லிவர் அதோட கடைசி வரைக்கும் போய் முட்டுதான்னு பாருங்க. முட்டலைன்னா ஆக்சிலேட்டர் கேபிளைச் சரி பண்ணிட்டுத்தான் மேல போகணும். முட்டிச்சுன்னா, பாக்ஸ் கேபிளோட ரப்பர் தொப்பி முனையைப் பாருங்க. உள் கம்பியில ஒரு சின்ன உலோக மணி அமுக்கி வெச்சிருக்கும். முழுசா மிதிச்ச நிலையில ரப்பர் முனைக்கும் அந்த மணிக்கும் நடுவுல இடைவெளி 0-ல இருந்து 1 மில்லிமீட்டர். அவ்வளவுதான். நகம் நுழையக் கூடாது. அதிகமா இருந்தா வெளி உறையில இருக்கிற ரெண்டு நட்டைத் தளர்த்தி நகர்த்துங்க. ரொம்ப இழுத்தும் வைக்காதீங்க, அப்ப கியர் ரொம்ப லேட்டா, உதைச்சுக்கிட்டு மாறும். கம்பி உறைக்குள்ள சிக்காம ஓடுதான்னும் கையால இழுத்துப் பாருங்க. துருப் பிடிச்சுச் சிக்கினா எத்தனை தடவை அளவு வெச்சாலும் நிக்காது.

ரேடியேட்டர் விஷயத்தை இன்னும் பேசல. அதுல எனக்கு ஒரு சந்தேகம். வண்டி முன்னால குனிஞ்சு ரேடியேட்டர் கீழ்ப் பக்கம் பாருங்க. பாக்ஸ்ல இருந்து வர்ற ரெண்டு மெல்லிசான இரும்புக் குழாய் எங்க போய் முடியுது?

பெகு ஆக்கோ:

இவ்வளவு பாடு எதுக்கு? கைக்கியர் பாக்ஸ் ஒண்ணை வாங்கி மாட்டிட்டா ஆயுசுக்கும் தொல்லை இல்ல. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.

முடோன்காரன்:

ஆக்கோ, சொல்றது புரியுது. அப்பா தேடி வாங்கினதே அந்தப் பெட்டிக்காகத்தான், அதைக் கழட்டிப் போட மனசு வரல. அம்மாவும் ஒத்துக்க மாட்டாங்க.

ஃபிட்டர் அண்ணே, அளந்தேன். 11 மில்லிமீட்டர்! ஸ்கேல் வெச்சு மூணு தடவை பார்த்தேன். ரப்பர் தொப்பியும் கிழிஞ்சிருக்கு. கம்பி சிக்கல, லேசா எண்ணெய் விட்டேன். இப்ப 1 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்திருக்கேன்.

காலி வண்டியை எடுத்துக்கிட்டு வின்செயின் படுத்த புத்தர் வரைக்கும் போயிட்டு வந்தேன். வேற வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. மிதிச்சா ரெண்டுலயே நின்னு இழுக்குது, தரையோட மிதிச்சா டபக்குனு கீழ் கியர் விழுது. பையன் பக்கத்துல உக்காந்து "இவ்வளவு நாள் எங்கண்ணே இருந்துச்சு இது"ங்கறான்.

ஆனா நல்ல சூட்டுல இன்னும் லேசா கத்துது. முன்ன ஒரு நொடி, இப்ப கால் நொடி. டி-க்கு ஒண்ணரை நொடி.

ரேடியேட்டர் கீழ பார்த்தேன். அந்த ரெண்டு குழாயும் ரேடியேட்டருக்குப் போகவே இல்ல. ரெண்டையும் ஒரு துண்டு ஹோஸால யு மாதிரி வளைச்சு ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வெச்சிருக்காங்க.

பழைய ஃபிட்டர்:

நினைச்சேன். கைக்கியர் ரேடியேட்டரைப் போட்டிருக்காங்க. ஆட்டோ வண்டி ரேடியேட்டர்ல கீழ்த் தொட்டிக்குள்ள இன்னொரு குழாய் இருக்கும், பாக்ஸ் ஆயில் அதுக்குள்ள போய் ஆறிட்டு வரும். உங்களுதுல இப்ப ஆயில் ஆறாமலே சுத்திக்கிட்டிருக்கு. கேபிள் தளர்ந்து பிளேட் வழுக்கிச் சூடாக்குது, அந்தச் சூடு வெளியேற வழியும் இல்ல. திஞ்ஜானுக்குப் பிறகு கத்த ஆரம்பிச்சது இதனாலதான்.

என் கதை ஒண்ணு சொல்றேன். தாய்லாந்து எல்லையில இருக்கிற மியாவடிக்குப் புது ரோடு 2015-ல திறந்தாங்கல்ல, அதுக்கு முன்னால கொக்கரேக்ல இருந்து தவுனா மலை ஏறி இறங்கற பழைய ரோடுதான். அகலம் போதாது, அதனால ஒருநாள் போற வண்டி, மறுநாள் வர்ற வண்டி. ஒரு முதலாளியோட ஆட்டோ வண்டியில நான் மெக்கானிக்கா கூடப் போயிருந்தேன். இதே மாதிரி குழாயைச் சேர்த்து வெச்சிருந்த வண்டி, சேர்த்து வெச்சது வேற யாரும் இல்ல, நான்தான். "சும்மா ரெண்டு நாளைக்கு"ன்னு செஞ்சேன். பாதி மலையில டி-யும் இல்ல, ஆர்-ம் இல்ல, குச்சிக் குழாய் வழியா புகை. பின்னால வரிசையா லாரி, ஆளாளுக்குத் திட்டிக்கிட்டே எங்களை ஓரமா தள்ளி விட்டுப் போனாங்க. ராத்திரி அங்கேயே. விடிஞ்சா எதிர்த் திசை நாள். இறங்கி வர்ற வண்டி எதுவும் எங்களை மேல இழுக்காது, கீழ இழுத்துட்டுப் போக லோடு வண்டிக்காரன் எவனும் ஒத்துக்கல. மூணாம் நாள்தான் கொக்கரேக் வந்தோம். அந்த முதலாளி அதுக்கப்புறம் என்னோட பேசல, அதுல நியாயம் இருக்கு.

ஆயில் 80 டிகிரி அக்கம் பக்கம் இருந்தா வருஷக் கணக்கா உழைக்கும். 120-ஐத் தாண்டிட்டா கறுத்துப் பிசுபிசுக்கும், உள்ள இருக்கிற ரப்பர் சீல் கெட்டியாகும். கெட்டியான சீல் சூட்டுல கசியும், அழுத்தம் நிக்காது. குளிர்ல ஒழுங்கா இருந்து சூட்டுல கத்தறதுக்கு ஆயில் நீர்த்துப் போறதும் இந்தக் கசிவும் சேர்ந்த காரணம்.

ரெண்டு வழி. ஆட்டோ ரேடியேட்டரே தேடிப் போடலாம். இல்லைன்னா தனியா ஒரு சின்ன ஆயில் கூலர், துடுப்பு துடுப்பா இருக்குமே, அதை ரேடியேட்டருக்கு முன்னால காத்து படுற மாதிரி கட்டி, ரெண்டு குழாயையும் அதுல விடலாம். ஹோஸ் மட்டும் சூட்டு ஆயில் தாங்கறதா பாருங்க. தண்ணி ஹோஸ் போட்டீங்கன்னா ஒரு மாசத்துல ஊதி வெடிக்கும். ஒவ்வொரு முனைக்கும் ரெண்டு கிளிப்.

பழைய ஆட்டோ ரேடியேட்டர் வாங்கினா ஒரு எச்சரிக்கை. உள் குழாய் அரிச்சுப் போயிருந்தா தண்ணி ஆயில்ல கலந்துடும். குச்சியில ஃபலூடா நிறம் வந்தா, ரோஸும் பாலும் கலந்த மாதிரி, அந்த இடத்துலயே எஞ்சினை நிறுத்திடணும். கிளட்ச் பிளேட்ல ஒட்டியிருக்கிற லைனிங் தண்ணியில ஊறி உரியும். மாட்டுறதுக்கு முன்னால அந்த உள் குழாயை ஒரு முனையை அடைச்சு, தண்ணித் தொட்டியில முக்கி, காத்து அடிச்சுக் குமிழி வருதான்னு பார்த்துடுங்க.

ஆயில் மாத்தறதுல ஆளுக்கொரு பேச்சு. பழைய ஆயிலை மாத்தினா பாக்ஸ் நின்னுடும்னு சொல்லுவாங்க. அது முழுப் பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. மிஷின் வெச்சு முழுசாக் கழுவித் தள்ளுறதை இந்த வயசு பாக்ஸுக்கு நான் செய்ய மாட்டேன். கீழ் தட்டுல இருக்கிறதை மட்டும் வடிச்சா ரெண்டு லிட்டர் சுற்றி வரும், வந்த அளவே திரும்ப ஊத்துங்க. 500 மைல் ஓட்டிட்டு இன்னொரு தடவை. தட்டைக் கழட்டினா உள்ள காந்தம் இருக்கும், அதுல என்ன ஒட்டியிருக்குன்னு சொல்லுங்க. சாம்பல் நிறச் சேறு இருந்தா வயசுக்கு அது சகஜம். இரும்புச் சிராய், பித்தளை மினுக்கம் இருந்தாத்தான் கவலை. ஊத்துறது டெக்ஸ்ரான் 2 அல்லது 3. இப்ப கடையில "ஆட்டோ ஆயில்"னு கேட்டா சிவிடி (வேற வகை ஆட்டோ பாக்ஸ்) ஆயிலைக் கையில குடுத்துடுறாங்க, புது வண்டி எல்லாம் அதுங்கறதால. டப்பாவைப் படிச்சுப் பாருங்க. டிரம்ல இருந்து அளந்து தர்றது வேண்டவே வேண்டாம்.

பெகு ஆக்கோ சொன்னதை நான் தப்புன்னு சொல்லல. பாக்ஸ் நிஜமாவே போயிருந்தா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா பாக்ஸோட விலை மட்டும் இல்ல அது. ஃப்ளைவீல், கிளட்ச் செட், பெடல், பாக்ஸைத் தாங்கற குறுக்குச் சட்டம், நீளம் மாறினா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், எல்லாம் சேரும். 11 மில்லிமீட்டருக்காக அதைச் செய்ய வேண்டியதில்ல.

பெகு ஆக்கோ:

சரி சரி, தோத்தேன். ஆனா 1970-ல ரோட்டை வலது பக்கத்துக்கு மாத்தினப்பவே ஸ்டியரிங்கையும் மாத்தியிருந்தா அந்த ஸ்பேயா பையன் பயந்து ஓடியிருக்க மாட்டான்.

சர்ஃப் பைத்தியம்:

ஃபிட்டர் அண்ணே, உங்க பேச்சைக் கேட்டு என் கேபிளைப் பார்த்தேன். 4 மில்லிமீட்டர். சரி பண்ணிட்டேன். இன்னொரு சந்தேகம், என் வண்டியில காலையில ரொம்ப நேரத்துக்கு ஓ.டி. விழ மாட்டேங்குது. லைட்டும் மினுக்கல.

பழைய ஃபிட்டர்:

தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டிருப்பாங்க. நம்ம ஊர்ல வெயில்னு சொல்லி எல்லா ஒர்க்‌ஷாப்லயும் அதை எடுத்து வீசறது ஒரு பழக்கம். உங்களுது கம்ப்யூட்டர் பெட்டி, எஞ்சின் தண்ணி போதுமான சூட்டுக்கு வராத வரைக்கும் ஓ.டி.யைத் தராது. புதுசு ஒண்ணு போடுங்க, பெரிய விலை இல்ல.

முடோன்காரன்:

பத்து நாளாச்சு, சேதி சொல்ல வந்தேன்.

ஒரு பழைய வேன்ல இருந்து கழட்டின கூலர் மோல்மீன்ல கிடைச்சது. கிரில்லுக்குப் பின்னால கட்டியாச்சு, ரெண்டு ரெண்டு கிளிப் போட்டேன். தட்டைக் கழட்டினேன். காந்தத்துல சாம்பல் சேறு, விரல்ல தேய்ச்சா வழவழன்னு இருக்கு, சிராய் இல்ல. தட்டு அடியில மட்டும் தேயிலைத் தூள் மாதிரி கறுப்பா கொஞ்சம் கிடந்தது. ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியா வடிஞ்சது, அதே அளவு ஊத்தி, நீங்க சொன்ன முறையில குச்சி பார்த்தேன்.

நேத்து 300 வீசை ஏத்திப் போனேன். சௌக்தலோன் மலைக்கு எதிர்ப் பாறை மேல நம்ம கோயில் இருக்குல்ல, அங்க நிறுத்தி ஒரு கற்பூரம் ஏத்திட்டுத்தான் கிளம்பினேன். மோல்மீன் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரே ஒரு தடவை லேசா கத்திச்சு, அதுவும் நான் பாதி மிதிச்சு விட்டு மிதிச்சப்ப. டி-க்கு இப்ப ஒண்ணேகால் நொடி.

பழைய ஃபிட்டர்:

தேயிலைத் தூள் கிளட்ச் லைனிங். கொஞ்சம் தின்னுடுச்சு, அது திரும்ப வராது. 300 வீசையிலயே நில்லுங்க, 400 வேண்டாம். ஏத்தம் வர்றது கண்ணுல படும்போதே லிவரை 2-க்கு இழுத்துடுங்க, பாக்ஸே யோசிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. லோடோட போறப்ப ஓ.டி.யை ஆஃப்ல வைங்க. டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், குடிக்கட்டும். 500 மைல்ல ரெண்டாவது தடவை வடிச்சப்ப அந்தத் தூள் குறைஞ்சிருந்தா நிம்மதியா ஓட்டலாம், கூடியிருந்தா பாக்ஸுக்குக் காசு சேர்க்க ஆரம்பிங்க.

பழைய ஆட்டோ ரேடியேட்டரை என்ன செஞ்சீங்க? மேல் தொட்டிதானே வெடிச்சது?

முடோன்காரன்:

ரேடியேட்டர் மாத்தினவர்கிட்ட இப்பத்தான் ஃபோன் பண்ணிக் கேட்டேன். இன்னும் அவர் கடைக் கூரை மேலதான் கிடக்காம், அவர் கோழி அதுக்கு அடியில முட்டை இடுதாம். கீழ்த் தொட்டிக்கு ஒண்ணும் ஆகலையாம். நாளைக்கு மொய்ங்கா சாப்பிடப் போறப்ப எடுத்துட்டு வந்துடுறேன், குமிழி பார்த்துட்டுச் சொல்றேன்.